படுக்கிற வண்டிக்கு ஒரு முக்காலி

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் ஏற்றத்தில், சரளைக்கல் கிடந்த ஓரத்தில் பைக்கை நிறுத்தி வலது காலை ஊன்றினேன். கல் உருண்டது, கால் வழுக்கியது, வண்டி சாய்ந்தது. 168 கிலோ வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் தாங்கிப் பிடிக்க முடியாது. பிடித்து இழுத்தால் இடுப்புதான் போகும். ஹேண்டில்பாரை விட்டுவிட்டு விலகி நின்றேன். பக்கவாட்டுக் கார்டில் மாட்டியிருந்த நைலான் கட்டை தரையில் 'டொக்'கென்று விழுந்த சத்தம், அப்புறம் பார் எண்ட் (ஹேண்டில்பார் முனையில் இருக்கும் உலோக உருளை) உரசிய சத்தம், அவ்வளவுதான். தூக்கி நிறுத்திச் சுற்றிப் பார்த்தேன். பிரேக் லீவர் உடையவில்லை. இன்ஜினின் வலப்பக்க மூடியான கிளட்ச் கவரில் கீறல் இல்லை. இண்டிகேட்டர் மடங்கித் திரும்ப நிமிர்ந்திருந்தது. பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

விழுந்தும் ஒன்றும் ஆகாமல் கிளம்பியது இதுதான் முதல் தடவை. இதற்கு முன் இரண்டு முறை விழுந்திருக்கிறது. இரண்டு முறையும் நல்ல செலவு வைத்தது. இந்த ஒன்றரை வருடத்தில் எதைச் செய்தேன், எதைச் செய்து பிறகு பிரித்தேன் என்பதெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். வேகமாகப் போய் விழுவது வேறு விஷயம், அதற்கு இது உதவாது. நிறுத்தும்போதும், தள்ளும்போதும், யூ டர்ன் எடுக்கும்போதும் நடக்கிற வேகத்தில் படுத்துவிடும் வண்டியைப் பற்றி மட்டுமே இந்தப் பதிவு.

முதல் தடவை வண்டி நின்றுகொண்டிருந்தபோதே விழுந்தது. மழை பெய்து ஊறிய மண்ணில் சைடு ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஸ்டாண்டின் பாதம் மண்ணுக்குள் புதைந்து வண்டி இடப்பக்கமாகப் படுத்துக் கிடந்தது. கிளட்ச் லீவர் அதன் திருகாணிக்குப் பக்கத்திலேயே உடைந்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுதான் மிச்சம். கியர் லீவர் உள்பக்கமாக வளைந்து, அதன் நுனி இன்ஜினின் இடப்பக்க மூடியான மேக்னட் கவரைத் தொட 6 மி.மீ. தான் இருந்தது. இண்டிகேட்டர் தண்டோடு போயிருந்தது. அந்த இரண்டு சென்டிமீட்டர் துண்டை இரண்டு விரலால் இழுத்து இழுத்து ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். கை இரண்டு நாள் வலித்தது.

அன்று நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். கியர் லீவர் வளைந்திருக்கிறதே என்று, வண்டியிலேயே வைத்துக் குழாய் மாட்டி நிமிர்த்தினேன். லீவர் நிமிர்ந்தது. கூடவே, லீவர் மாட்டியிருக்கும் கியர் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் ஓரம் லேசாகக் கசிய ஆரம்பித்தது. நாம் கொடுக்கிற விசை முழுவதும் ஷாஃப்ட்டில்தான் இறங்கும். லீவரைக் கழற்றி, வைஸில் பிடித்துத்தான் நிமிர்த்த வேண்டும். கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட்டிலும் லீவரிலும் சேர்த்து ஒரு புள்ளி குத்தி வைத்தால் திரும்ப அதே பல்லில் மாட்டலாம். ஐந்து நிமிட வேலை, சோம்பலில் செய்யாமல் விட்டேன்.

சரி, இன்ஜினைக் காக்கும் இரும்புக் குழாய் வளையமான கிராஷ் கார்டு ஒன்றை மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். கிடைத்ததிலேயே எளிமையானதாக ஒன்றை வாங்கினேன். ஒரே வளையம், நடுவில் ஒரு தகடு, இன்ஜினுக்கு முன்னால் இறங்குகிற ஃபிரேம் குழாயில் இரண்டு யூ கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். இருபது நிமிடத்தில் மாட்டி முடித்தேன். பார்க்கப் பலமாகத்தான் இருந்தது. காலால் உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு சரிவில் யூ டர்ன் எடுத்தேன். ஹேண்டில்பார் முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டேன். அது போதும், வண்டி வலப்பக்கமாகப் படுத்தது. கார்டு முதலில் தரையைத் தொட்டது உண்மைதான். ஆனால் வண்டி மெதுவாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்ததால் தரை கார்டின் வலது பக்கத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. உருண்டைக் குழாயில் யூ கிளாம்ப். பிடித்துக்கொள்ள மூலையோ துளையோ எதுவும் இல்லை. கதவு கீலில் திரும்புவது போல முழு வளையமும் திரும்பி, காப்பாற்ற வேண்டிய கிளட்ச் கவரிலேயே போய் மோதியது. கவரின் கீழ் போல்ட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஆயில் முத்து முத்தாக வந்தது.

வெடிப்பைப் பெட்ரோல் துணியால் துடைத்து, எமரி பேப்பரால் சுரண்டி, இரண்டு பொருள் கலந்து பூசுகிற எபாக்சி பசையைப் பூசினேன். ஒரு வாரம் தாங்கியது, புதுக் கவர் வரும்வரை அது போதும். கவரோடு கேஸ்கெட்டும் ஆயிலும் மாற்றியாயிற்று. கார்டே இல்லாமல் விழுந்திருந்தால் இந்தக் கவர் உடைந்திருக்குமா என்று வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். ஃபுட் ரெஸ்ட்டும் பிரேக் பெடலும் முதலில் பட்டிருக்கும். கவர் தப்பித்திருக்கவும் கூடும். மோசமாகப் பிடிக்கப்பட்ட கார்டு, கார்டு இல்லாததைவிடக் கெடுதல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த கார்டு வாங்குவதற்கு முன், வண்டி விழுந்தால் உண்மையில் எது எது தரையைத் தொடுகிறது என்று பார்த்துவிட முடிவு செய்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்ட கட்டம் இதுதான், இதற்குச் செலவும் கிடையாது.

முதலில் பலகை. இரண்டு மீட்டர் நீளம், கோணல் இல்லாத ஒரு மரச்சட்டம். வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தித் தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். படுத்த வண்டிக்குத் தரை என்பது ஒரு தட்டையான பலகைதானே? அதை நிற்கிற வண்டியின் பக்கத்தில் கொண்டுவந்து சாய்த்துப் பார்க்கலாம். பார் எண்டிலிருந்து கீழே கார்டு வரவேண்டிய இடத்துக்கு ஒரு முறை, பார் எண்டிலிருந்து பின்பக்கக் கைப்பிடிக்கு ஒரு முறை, முன்னாலிருந்து பின் ஃபுட் ரெஸ்ட்டுக்கு ஒரு முறை என்று சட்டத்தை வைத்தேன். சட்டத்தை முட்டுவது எதுவோ அதுதான் அடிபடும். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது முட்டுவது ஒன்று, முழுக்கத் திருப்பினால் முட்டுவது வேறொன்று. அதனால் இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும். பார் எண்டும் லீவர் நுனியும் ஒரே நேரத்தில் சட்டத்தைத் தொட்டன. லீவர் ஏன் உடைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது சாக்பீஸ். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்த ஒரு நாள், இன்ஜின் நன்றாக ஆறியபின், வெளியே துருத்தும் எல்லாவற்றிலும் சாக்பீஸைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன். தரையில் பழைய கறுப்பு ரப்பர் பாய் ஒன்றை விரித்தேன். நான் ஹேண்டில்பாரையும், தம்பி பின்பக்கக் கைப்பிடியையும், நண்பர் ஒருவர் எதிர்ப்பக்க ஃபிரேமையும் பிடித்துக்கொள்ள, மூன்று பேருமாக வண்டியைக் குழந்தையைப் படுக்க வைப்பது போல மெல்லப் படுக்க வைத்தோம். பிறகு தூக்கி நிறுத்திப் பாயைப் பார்த்தேன்.

இடப்பக்கம் விழுந்த பாயில் நான்கு வெள்ளைத் தடங்கள். பார் எண்ட் ஒரு வட்டம், லீவர் குமிழ் ஒரு புள்ளி, ஃபுட் ரெஸ்ட் ஒரு கோடு, பின் இண்டிகேட்டர் ஒரு தீற்றல். வலப்பக்கப் பாயில் பார் எண்ட், பிரேக் லீவர், கிளட்ச் கவரின் விளிம்பு, சைலன்சர். ஃபுட் ரெஸ்ட் தடம் மங்கலாகத்தான் இருந்தது. அது மேலே மடங்குகிற வகை என்பதால் எடையைத் தாங்கவில்லை, மடங்கி வழிவிட்டுவிட்டது. அது விட்டுக்கொடுத்த எடையைச் சைலன்சர் வாங்கிக்கொண்டது.

அந்தப் பாயைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. வண்டி விழுந்தால் எப்படியும் மூன்று இடத்தில் ஊன்றித்தான் படுக்கும். அந்த மூன்று இடங்களை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் தரை தேர்ந்தெடுக்கும். மேலே பார் எண்ட், கீழே முன்பக்கம் கார்டு, பின்னால் ஒன்று. முக்காலி போல மூன்று கால். முன்னால் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் பின்கால் இல்லையென்றால் வண்டியின் பின்பாதி சைலன்சர்மேல் சாயும்.

மேலிருந்து ஆரம்பித்தேன். ஹேண்டில்பார் 22 மி.மீ. குழாய். வண்டியோடு வந்த பார் எண்ட் சிறியது. அதை எடுத்துவிட்டு 32 மி.மீ. விட்டம், 38 மி.மீ. நீளமுள்ள எஃகு பார் எண்ட் மாட்டினேன். பிறகு இரண்டு லீவர் கிளாம்ப்களையும் தளர்த்தி 18 மி.மீ. உள்ளே தள்ளினேன். கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் இருக்கிறதா என்று ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பிப் பார்த்தேன். லீவர் உள்ளே போனதும் விரல்கள் அதன் நுனிப் பக்கமாகப் படுவதால் கிளட்ச் முன்பைவிட லேசாக இருந்தது. நான் எதிர்பார்க்காத நல்ல விளைவு இது.

லீவர் விஷயத்தில் கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர்கள் நெடுங்காலமாகச் செய்யும் இரண்டு வேலைகள் உண்டு. இரண்டையும் செய்தேன். ஒன்று, கிளாம்புக்கு அடியில் ஹேண்டில்பாரில் குழாய் வேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, கிளாம்ப் போல்ட்டை முழுக்க முறுக்காமல் நிறுத்துவது. உள்ளங்கையால் பலமாக அழுத்தினால் லீவர் சுற்ற வேண்டும், சாதாரணமாக ஓட்டும்போது அசையவே கூடாது. விழும்போது லீவர் உடைவதற்குப் பதில் சுற்றிக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது விசை கைப்பிடியை நோக்கித்தான் போகிறது, கிளாம்பைச் சுற்றுவதற்கு அல்ல. அதனால் பயமில்லை. இருந்தாலும் மாட்டிய நாளில் கடுமையாகப் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாலையில் இறங்கினேன்.

இரண்டாவது, கிளட்ச் லீவரில் குமிழிலிருந்து 35 மி.மீ. தள்ளி, முக்கோண அரத்தால் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டுவது. அடி அதிகமானால் லீவர் அந்த இடத்தில் முறியும், மூன்று விரல் பிடிக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும். சில லீவர்கள் தயாரிக்கும்போதே இப்படிப் பள்ளத்தோடு வருகின்றன. பிரேக் லீவரில் நானாக அரம் போட மனம் வரவில்லை. அதற்குப் பதில் வெளிப்பக்கம் மடங்குகிற லீவர் ஒன்றை வாங்கினேன்.

அடுத்து முன்கார்டு. இந்த முறை லேத்தும் வெல்டிங்கும் உள்ள ஒரு பட்டறையில் செய்யச் சொன்னேன். 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர் கனமுள்ள மைல்டு ஸ்டீல் குழாய். வடிவத்தை முதலில் நானே 4 மி.மீ. இரும்புக் கம்பியை வளைத்து வண்டியில் வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டேன். அந்தக் கம்பியே மாதிரியாக இருந்ததால் பட்டறைக்காரரிடம் வாயால் விளக்க வேண்டிய தொல்லையே இல்லை.

பக்கத்துக்கு மூன்று பிடிகள். மேலே இன்ஜின் தொங்கும் தகட்டின் போல்ட், கீழே இன்ஜின் மவுண்ட் போல்ட், மூன்றாவதாக இடது வலது கார்டுகளை இணைக்கும் குறுக்குக் குழாய். அந்தக் குறுக்குக் குழாய்தான் முக்கியம். ஒரு பக்கம் வாங்கும் அடி அதன் வழியாக மறுபக்கத்து மவுண்ட்டுகளுக்கும் பகிர்ந்துபோகும். அது இல்லாவிட்டால் ஒரே போல்ட் முழு அடியையும் வாங்கி, இன்ஜினில் போல்ட் ஏறும் காதில் வெடிப்பு விழலாம்.

இங்கேதான் இரண்டாவது தவறு. குறுக்குக் குழாய்க்கும் முன் மட்கார்டுக்கும் 62 மி.மீ. இடைவெளி அளந்து திருப்திப்பட்டேன். வண்டி நின்ற நிலையில் எடுத்த அளவு அது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கும்போது சக்கரம் மேலே போவதோடு பின்னாலும் வரும். அதை நான் யோசிக்கவில்லை. குழாயை வெல்டு வைத்துக் கொண்டுவந்து மாட்டியபின், ஒரு ராட்செட் பெல்ட்டை ஹேண்டில்பாரிலிருந்து அச்சுக்குப் போட்டு ஃபோர்க்கை அமுக்கினேன். கடைசி 20 மி.மீ. மிச்சம் இருக்கும்போதே மட்கார்டின் பின்விளிம்பு குழாயில் உட்கார்ந்துவிட்டது. பெரிய பள்ளத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. குறுக்குக் குழாயை அறுத்து 25 மி.மீ. பின்னால் தள்ளி மறுபடி வெல்டு வைத்தோம். பட்டறைக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனால் இரண்டாவது வெல்டிங்குக்கும் கூலி கூலிதான். ஃபோர்க்கை அமுக்கி அளப்பது கம்பி மாதிரி எடுக்கும்போதே செய்ய வேண்டிய வேலை.

மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்து ஜாக்கியால் லேசாகத் தாங்கிக்கொண்டு, மவுண்ட் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத்தான் எடுத்தேன். இரண்டை ஒன்றாக உருவினால் இன்ஜின் ஒரு மயிரிழை இறங்கும், பிறகு துளை பார்த்துப் போல்ட் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கார்டின் தகடு 5 மி.மீ. கனம் என்பதால் அந்த அளவு நீளமான போல்ட் வேண்டும். பழைய போல்ட்டின் தலையில் பலத்தைக் குறிக்கும் எண் 10.9 என்றிருந்தால் புதியதிலும் 10.9 தான். சாதாரண போல்ட் போட்டுச் சமாளிக்கிற இடம் அல்ல இது. எல்லாப் போல்ட்டையும் கையால் பாதி ஏற்றிய பிறகே ஒவ்வொன்றாக முறுக்கினேன். என் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் அந்த எம்10 (10 மி.மீ. விட்டம்) போல்ட்டுக்குக் கொடுத்திருந்தது 49 நியூட்டன் மீட்டர், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் அதையே வைத்தேன். உங்கள் வண்டிக்கு உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

பெயிண்ட் அடித்த தகட்டை அப்படியே வைத்து முறுக்கினால் பெயிண்ட் நாளடைவில் நசுங்கி, போல்ட் தளரும். போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்து லேசாக கிரீஸ் தடவினேன். முறுக்கி முடித்தபின் போல்ட் தலையிலிருந்து தகட்டுக்கு வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு. 200 கி.மீ. ஓடியபின் பார்த்தேன். ஆறில் இரண்டின் கோடு விலகியிருந்தது. அந்த இரண்டும் நான் சரியாகச் சுரண்டாத இடங்கள்.

கார்டு முழுவதும் 4.1 கிலோ. கிளட்ச் கவருக்கும் குழாய்க்கும் நடுவில் 41 மி.மீ. இடைவெளி. இதைவிடக் கனமான குழாய் போடலாமா என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். கார்டு கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். வளையாத கார்டு வாங்குகிற அடியையெல்லாம் ஃபிரேமுக்கு அனுப்பிவிடும். வளைந்த கார்டை மாற்றலாம், வளைந்த ஃபிரேமை என்ன செய்வது?

கார்டின் வெளிவளைவில் பக்கத்துக்கு ஒரு நைலான் கட்டை. 50 மி.மீ. நைலான் உருளையை லேத்தில் 40 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, எம்8 போல்ட் போகத் துளை போட்டு, வெளிப்பக்கம் போல்ட் தலை 15 மி.மீ. உள்ளே உட்காரும்படி குடைந்தோம். குடைவு ஆழமாக இல்லையென்றால் கட்டை தேயும்போது போல்ட் தலை வெளியே வந்துவிடும். வெறும் இரும்புக் குழாய் சாலையைப் பிறாண்டும், சிக்கிக்கொள்ளும். நைலான் வழுக்கிப் போகும், தேய்ந்தால் மாற்றலாம்.

முதலில் மாட்டிய கட்டைகள் 300 கி.மீ.க்குள் ஆட ஆரம்பித்தன. போல்ட்டைத் திரும்ப முறுக்கினேன், திரும்பவும் ஆடியது. போல்ட் தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை போட்டேன், பயனில்லை. கழற்றிப் பார்த்தால் வாஷர் நைலானுக்குள் ஒரு மில்லிமீட்டர் போலப் பதிந்திருந்தது. போல்ட் சுழலவே இல்லை, அழுத்தத்தில் நைலான்தான் மெல்ல மெல்ல அமுங்கி விலகிக்கொண்டிருந்தது. அதனால் கட்டைக்குள் ஓர் எஃகுப் புஷ் (போல்ட்டைச் சுற்றி வரும் குட்டிக் குழாய்) வைத்தோம். போல்ட்டின் இறுக்கம் முழுவதையும் புஷ் தாங்கும். அகலமான வாஷர் ஒன்று நைலானை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். புஷ்ஷின் நீளம், வாஷர் உட்காரும் இடத்தில் நைலானைவிட 0.2 மி.மீ. மட்டும் குறைவு. 24 நியூட்டன் மீட்டரில் முறுக்கினேன். அதற்குப் பிறகு அசையவில்லை.

மூன்றாவது கால், பின்பக்கம். பின்னால் உட்காருபவரின் ஃபுட் ரெஸ்ட் பிராக்கெட்டில் ஒரு சிறிய வளையத்தை மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது வார்ப்பு அலுமினியம். அடி பட்டால் வளையாது, உடையும். உடைந்தால் வளையத்தைவிட பிராக்கெட்டின் விலைதான் அதிகம். ஆகவே பிராக்கெட்டைத் தாண்டி, ஃபிரேமில் போல்ட் ஏறும் இடத்திலேயே வளையத்தின் தகட்டைப் பிடித்தோம். சைலன்சரைவிட 22 மி.மீ. வெளியே நிற்கும்படி வைத்துவிட்டு மறுபடி மரச்சட்டத்தைச் சாய்த்துப் பார்த்தேன். இந்த முறை சட்டம் பார் எண்ட், நைலான் கட்டை, பின்வளையம் மூன்றில் மட்டும் உட்கார்ந்தது. லீவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போனது.

கியர் லீவருக்கு நுனி மடங்கும் வகை, இண்டிகேட்டருக்கு ரப்பர் தண்டு, கண்ணாடியின் பூட்டு நட்டை அளவோடு முறுக்குவது. இவை அரை மணி நேர வேலைகள்.

சைடு ஸ்டாண்ட் மட்டும் நினைத்ததைவிட நேரம் எடுத்தது. முதல் விழுகைக்கு அதுதானே காரணம்? பாதத்தை அகலமாக்கினால் மண்ணில் புதையாது. 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு தட்டு வெட்டி அடியில் மாட்டினேன். புதையவில்லை, ஆனால் வண்டி நிமிர்ந்து நின்றது. போனை டேங்கில் வைத்துச் சாய்வை அளந்தேன். முன்பு 11 டிகிரி, இப்போது 8.5 டிகிரி. தரை லேசாக வலப்பக்கம் சரிந்திருந்தால் ஒரு விரல் தள்ளினாலே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் போலிருந்தது. ஒரு பக்கம் விழாமல் இருக்க மறுபக்கம் விழ வைப்பதில் என்ன லாபம்? பிளைவுட்டை எடுத்துவிட்டு, 3 மி.மீ. எஃகுத் தகட்டை 85-க்கு 70 மி.மீ. அளவில் வெட்டிப் பாதத்தோடு வெல்டு வைத்தேன். சாய்வு அரை டிகிரிதான் மாறியது. ஸ்டாண்டை மடக்கும்போது தகடு சங்கிலியையோ சைலன்சரையோ தொடுகிறதா என்பதை வெல்டு வைப்பதற்கு முன் அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பணமாகச் சொல்வதைவிட, ஒரு கிளட்ச் லீவரின் விலையை ஒன்று என்று வைத்துச் சொல்கிறேன். முதல் யூ கிளாம்ப் கார்டு 6. அது உடைத்த கவர், கேஸ்கெட், ஆயில் எல்லாம் சேர்த்து 9. பட்டறைக் கார்டு, இரண்டாவது வெல்டிங்கையும் சேர்த்து 14. பின்வளையங்கள் 4, நைலான் கட்டைகள் புஷ்ஷோடு 2, பார் எண்ட் ஒன்றரை, மடங்கும் கியர் லீவர் 2, மடங்கும் பிரேக் லீவர் 3, சைடு ஸ்டாண்ட் தகடு அரை. உருப்படியான வேலைக்கு 27, வீணாய்ப் போனதுக்கு 15.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். விழுந்ததும் முதல் வேலையாக, இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச்சை அணைத்தேன். சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம் என்பதால், வலப்பக்கம் விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு முன் ஸ்டாண்டை வெளியே இழுத்து வைத்தேன். தூக்கும் வேகத்தில் வண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் ஸ்டாண்ட் பிடித்துக்கொள்ளும். கியரில் இருந்ததால் உருளவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் பின்பக்க ஃபிரேமையும் பிடித்து, காலால் பின்னோக்கி நடந்து தூக்கினேன். கார்டு இருப்பதில் இதிலும் ஓர் உபகாரம் உண்டு. வண்டி முழுக்கப் படுக்காமல் கொஞ்சம் உயர்ந்தே கிடப்பதால், தூக்குவதில் கடினமான முதல் பகுதி ஏற்கெனவே முடிந்திருக்கும்.

கில் ஸ்விட்ச்சைத் திரும்பப் போட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு நிமிடம் பதறிவிட்டேன். பிறகுதான், சாய்வை உணரும் சென்சார் இன்ஜினை நிறுத்தியிருக்கும் என்று நினைவு வந்தது. சாவியை அணைத்து மறுபடி போட்டதும் கிளம்பியது. பிரேக் லீவர் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. படுத்திருந்த நேரத்தில் காற்று புகுந்திருக்கலாம் என்று பல முறை அழுத்தி, பழைய கெட்டித்தன்மை வந்த பிறகே நகர்ந்தேன். ஆக்சிலேட்டர் தானாகத் திரும்புகிறதா என்றும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். பிரேக் லீவர் கிளாம்ப் டெஃப்லான் டேப்பின்மேல் ஏறக்குறைய 15 டிகிரி சுற்றியிருந்தது, லீவரில் ஒரு கோடுகூட இல்லை. பார் எண்டில் காசு அளவுக்குத் தட்டையான தேய்வு. கிளட்ச் கவர் இடைவெளி 41-இலிருந்து 38 மி.மீ. ஆகியிருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் கார்டு வாங்கிக்கொண்டது. மார்க்கர் கோடுகளில் வலது கீழ் மவுண்ட்டினுடையது மட்டும் லேசாக விலகியிருந்தது, கழற்றிப் போல்ட்டை உருட்டிப் பார்த்தேன், வளையவில்லை. பின்வளையத்தின் பெயிண்ட் போயிருக்கிறது. சைலன்சர் அப்படியே இருக்கிறது.

மறுபடி செய்தால் ஒன்றை மாற்றுவேன். வலதுபக்கக் கார்டுக் குழாய் ஆயில் ஃபில்டர் மூடிக்கு நேர் எதிரே போகிறது. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் இரண்டு போல்ட்டைக் கழற்றிக் கார்டை விலக்கித்தான் மூடியைத் திறக்க வேண்டியிருக்கிறது. கம்பி மாதிரி எடுத்தபோது ஸ்பேனர் எங்கெங்கே போக வேண்டும் என்று பார்க்காமல் விட்டது என் தவறு. குழாயை 30 மி.மீ. மேலே வளைத்திருந்தால் போதும்.

நைலான் கட்டையின் கீழ் விளிம்பு 2 மி.மீ. சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. புதியது தேவையில்லை. போல்ட்டைத் தளர்த்தி, தேயாத விளிம்பு கீழே வரும்படி கட்டையை அரைச்சுற்று திருப்பி, 24 நியூட்டன் மீட்டர் முறுக்கி, புதிதாக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டேன்.